மோதிர விரலுக்குப் பாடம் எழுதியவர்

உள்ளங்கையை மேசைமேல் விரித்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்பக்கமாக மடக்கி, அதன் முட்டி மேசையில் படும்படி அழுத்திக்கொள்ளுங்கள். இப்போது கட்டைவிரலைத் தூக்கலாம், ஆள்காட்டி விரலைத் தூக்கலாம், சுண்டுவிரலும் எழும்பும். மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். எவ்வளவு முக்கினாலும் அது மேசையை விட்டு எழும்பாது.

இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. விரலைத் தூக்குகிற தசை விரலுக்குள் இல்லை. முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி வந்து விரல்களை இழுக்கின்றன. கட்டைவிரல் தவிர்த்த நான்கு விரல்களுக்கும் பொதுவாக ஒரே தசைதான். அதுதான் நான்கு நாண்களாகப் பிரிகிறது. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கூடுதலாக ஆளுக்கொரு தனித்தசை உண்டு. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. போதாக்குறைக்கு, இந்த நாண்களைப் புறங்கையில் குறுக்கே பிணைக்கும் நார்ப்பட்டைகள் வேறு இருக்கின்றன. நடுவிரலை மடக்கியதும் அதன் நாண் முன்னே இழுபடுகிறது. அதோடு பிணைந்த மோதிர விரலின் நாணும் சிறைப்பட்டுப் போகிறது.

மீஞ்சூரில் பள்ளி விட்ட பிறகு ஏதாவது ஒரு மாடியில் நடக்கும் கீபோர்டு வகுப்பின் பக்கம் போய் நின்றால் இந்த உடற்கூறியல் காதிலேயே விழும். வலது கையின் ஐந்து விரலும் ச ரி க ம ப என்று வரிசையாக இறங்கும்போது ‘ம’ மட்டும் மெலிந்து ஒலிக்கும், அல்லது அவசரப்பட்டு அடுத்த ஸ்வரத்தோடு மோதிக்கொள்ளும். கீபோர்டுக் கணக்கில் கட்டைவிரல் ஒன்று, மோதிர விரல் நான்கு. ‘நாலு, நாலு, நாலாவது விரலைப் பார்’ என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இந்த ஒரு விரலுக்காக உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1814-ல் லோஜியர் என்ற இசையாசிரியர் கையைச் சட்டத்துக்குள் மாட்டி நிறுத்தும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். இசைமேதை ராபர்ட் ஷூமன் இளமையில் விரலைப் பழக்க ஒரு கருவியைப் பயன்படுத்தினார். 1832-ஐ ஒட்டி வலது கை விரல் செயலிழந்து, பியானோக் கலைஞராகும் கனவைக் கைவிட்டார். 1880-களில் அமெரிக்காவில் சில மருத்துவர்கள் பியானோ வாசிப்பவர்களின் புறங்கையைக் கீறி அந்த நார்ப்பட்டையை அறுத்துவிடும் சிகிச்சைகூடச் செய்தார்கள்.

கருவியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். கையின் குணத்தை அறிந்து இசையை எழுதினால் இசையே கையைப் பழக்கும் என்று இவர்களுக்கெல்லாம் முன்பே காட்டிய ஒரு பெண் இருந்தார். அவர் எழுதிய பயிற்சிகள் 972. அவற்றின் மேல் முழுமையான பயிற்சி இசைகள் 114. மூன்று தொகுதிகள், எழுநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். பெயர் எலேன் தெ மோன்ஜெரூ. கீபோர்டு படிக்கிற பிள்ளைகளுக்கு செர்னியைத் தெரியும், கிளெமென்டியைத் தெரியும், ஹனோனைத் தெரியும். இவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

சிறை, புரட்சி, பேராசிரியர் பதவி

பிரான்ஸின் லியோன் நகரில் 1764-ல் பிறந்தவர் எலேன். பாரிஸில் ஹுல்மாண்டல் என்ற ஆசிரியரிடம் பியானோ கற்றார். இருபது வயதில் மோன்ஜெரூ பிரபுவுக்கு மனைவியானார். அந்தக் காலத்துப் பிரபு குலத்துப் பெண் காசு வாங்கிக்கொண்டு மேடையில் வாசிப்பது மரியாதைக் குறைவு. ஆகவே அவருடைய வாசிப்பெல்லாம் மாளிகைக் கூடங்களில், அழைக்கப்பட்டவர்கள் முன்னால்தான். ஐரோப்பாவே கொண்டாடிய வயலின் கலைஞர் வியோட்டி அவருடைய நண்பர். இருவரும் சேர்ந்து மனோதர்மமாக வாசிப்பார்கள். அரசியின் ஓவியராக இருந்த எலிசபெத் விஜே லெ ப்ரன் தம் நினைவுக் குறிப்புகளில் எலேன் கட்டைகளைப் பேசவே வைத்துவிடுவார் என்று வியந்திருக்கிறார்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793-ல் நேப்பிள்ஸுக்குப் புறப்பட்ட ஒரு தூதுக்குழுவோடு எலேனும் கணவரும் போனார்கள். வழியில் ஆஸ்திரியப் படையினர் குழுவைச் சிறைப்பிடித்தார்கள். கணவர் மான்டுவாச் சிறையிலேயே இறந்தார். எலேன் தப்பி பாரிஸ் திரும்பினார். பிரபு குலம் என்றாலே கில்லட்டின் காத்திருந்த காலம் அது. விசாரணைக் குழுவின் முன்னால் புரட்சிப் பாடலான மார்செய்யேஸை எடுத்துக்கொண்டு, அதன்மேல் அங்கேயே விதவிதமாக விரித்து வாசித்து, கேட்டவர்களை உருக வைத்து உயிர் பிழைத்தார் என்று ஒரு கதை வழங்கிவருகிறது. அதைக் கதையாகவே எடுத்துக்கொள்வோம். கதை இல்லாமலே அவர் வாழ்க்கையில் வியப்புக்குப் பஞ்சமில்லை.

1795-ல் பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக்கல்லூரி தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் எலேன் அங்கே பியானோவுக்கான முதல்நிலைப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அந்த நிலையில் இருந்த ஒரே பெண் அவர்தான். கற்பித்ததும் ஆண் மாணவர்களின் வகுப்புக்கு. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் அளவுகோல்: ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1842-ல் அதே நிறுவனத்தில் பியானோப் பேராசிரியரான லூயிஸ் ஃபாரெங்க் பெண்களுக்கு மட்டுமே கற்பித்தார், ஆண்களுக்கு இணையான சம்பளம் கேட்டு வாங்க அவருக்கு 1850 ஆகிவிட்டது.

எலேன் 1798-ன் தொடக்கத்தில் பதவியை விட்டு விலகினார். வகுப்பறையை விட்டாலும் பாடம் எழுதுவதை விடவில்லை. ஒன்பது சொனாட்டாக்களை வெளியிட்டார். ஆனால் வாழ்நாளின் பெரும் உழைப்பு அந்த மூன்று தொகுதிப் பாடநூலுக்குத்தான் போனது. 1812-க்குள் எழுதி முடித்திருந்தார் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. 1816-ஐ ஒட்டி அச்சாகியது. 1836-ல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் காலமானார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1842-ல், நம் சென்னையில் மிஸ்க்வித் என்ற இசைக்கருவிக் கடை பிறந்தது. இன்று அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிக்கல் அதன் வாரிசு. பியானோ கப்பலேறி மதராஸ் வந்தது. அதோடு பாடப் புத்தகங்களும் வந்தன. எலேனின் பெயர் மட்டும் அந்த மூட்டையில் பிரபலமாக வந்து சேரவில்லை.

பிறந்த கணமே தேயும் ஓசை

அவர் பாடநூலின் அடிநாதம் ஒரே கருத்து: பியானோவைப் பாட வைக்க வேண்டும். நல்லபடியாகப் பாடும் கலை எந்தக் கருவிக்கும் பொதுவானது என்பது அவர் கட்சி. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. பௌதிகம் தெரிந்தவருக்கு இது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் கீபோர்டிலேயே பார்க்கலாம். ஆர்கன் ஓசையைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டையை அழுத்திப் பிடியுங்கள். விரலை எடுக்கும்வரை ஓசை அப்படியே நிற்கும். இப்போது பியானோ ஓசைக்கு மாற்றி அதே கட்டையை அழுத்திப் பிடியுங்கள். ஓசை பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்கிவிடும். கீழ் ஸ்தாயிக் கட்டைகளில் பல விநாடிகள் நிற்கும். மேலே போகப் போக ஆயுள் குறையும். வாய்ப்பாட்டுக்காரர் ஒரு ஸ்வரத்தை மெல்ல எடுத்து, நடுவில் பருக்க வைத்து, பிறகு இளைக்கவிட முடியும். பியானோவில் பருக்க வைக்க வழியே இல்லை. இளைப்பது மட்டும்தான்.

காரணம் உள்ளே இருக்கும் சுத்தி. கட்டை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழம் இறங்குகிறது. நெம்புகோல் அமைப்பு அந்த அசைவை ஐந்து மடங்காக்கிச் சுத்தியைக் கம்பியை நோக்கி வீசுகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சில மில்லிமீட்டர் இருக்கும்போதே கட்டையோடு சுத்திக்கு இருந்த பிடி விட்டுப்போகிறது. மிச்ச தூரத்தைச் சுத்தி தன் போக்கில் பறந்து கடக்கிறது. வடசென்னையில் கேரம் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுக் கிளம்பிய பிறகு நீங்கள் எவ்வளவு முகம் சுளித்தாலும், உடம்பை வளைத்தாலும் அது போகிற இடத்துக்குத்தான் போகும். கம்பியைச் சுத்தி தொட்டிருக்கும் நேரம் சில மில்லிவிநாடிகள். உச்ச ஸ்தாயியில் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு. அந்தத் தொடுகையின் வேகம்தான் பெரும்பாலும் ஓசையைத் தீர்மானிக்கிறது. கட்டையைப் பிறகு அமுக்கித் தேய்த்தாலும் குழைத்தாலும் ஓசையில் ஒன்றும் மாறாது.

இதையே கீபோர்டு செய்யும் விதம் இன்னொரு வேடிக்கை. அதில் சுத்தியும் இல்லை, கம்பியும் இல்லை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு ரப்பர் தொடுமுனைகள் இருக்கின்றன. கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது சற்றுப் பிறகு தொடும். இரண்டுக்கும் இடையே கழிந்த நேரத்தைச் சில்லு அளக்கிறது. நேரம் குறைந்தால் வேகம் அதிகம், சத்தம் அதிகம். 1983-ல் வந்த மிடி என்ற பொதுத் தரம் இந்த வேகத்தை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் பதிகிறது. விரலின் அத்தனை பாவமும் கடைசியில் ஓர் எண். டச் ரெஸ்பான்ஸ் இல்லாத மலிவுக் கீபோர்டில் அந்த ஓர் எண்கூட மாறாது. எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம்.

பியானோக் கம்பிகளுக்குள் இன்னும் ஒரு ரகசியம் இருக்கிறது. நடு ஸ்தாயியிலிருந்து மேலே ஒரு கட்டைக்கு ஒரு கம்பி அல்ல, மூன்று கம்பிகள். மூன்றும் ஏறத்தாழ ஒரே சுருதி. சுத்தி அடித்தவுடன் மூன்றும் ஒரே தாளத்தில் ஆடி, அடியில் உள்ள பலகையைச் சேர்ந்து உலுக்குகின்றன. ஓசை பெரிதாக எழுந்து, சக்தி வேகமாகக் கரைகிறது. ஆனால் மூன்றின் சுருதியும் மயிரிழை அளவு மாறுபட்டிருப்பதால் சீக்கிரமே ஒன்று மேலே இழுக்க, மற்றது கீழே இழுக்கும் நிலை வருகிறது. இழுப்புகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால் பலகை அதிகம் அசையாது. மிச்சச் சக்தி மெதுவாகத்தான் வெளியேறும். முதலில் சட்டென்று தேயும் ஓசை, பின்னால் மெல்லிய குரலில் நெடுநேரம் இழுபடுவது இதனால்தான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பௌதிகர் கேப்ரியல் வைன்ரைக் 1977-ல் இதை விளக்கினார். சுருதி கச்சிதமாகச் சேராத அந்தச் சிறு பிசகுதான் பியானோவுக்குப் பாடும் நீளத்தைக் கொடுக்கிறது.

காதை வசப்படுத்தும் பாடம்

கருவி பாடாது என்றால், பாடுவதாகக் காதை நம்ப வைக்க வேண்டும். எலேனின் பயிற்சி இசைகள் செய்வது இதைத்தான். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அவர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: இந்தப் பாடத்தின் நோக்கம் என்ன, கையை எப்படி வைக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று. ஒரு பாடத்துக்கு ஒரு சிக்கல். ஆனால் சிக்கலைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சக்கையாகக் கொடுக்கவில்லை. கேட்டால் கச்சேரியில் வாசிக்கத் தகுந்த இசை, வாசித்தால் பாடம்.

எப்படி என்று பார்ப்போம். முதல் ஸ்வரம் தேய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த ஸ்வரத்தை முதல் ஸ்வரத்தின் தொடக்க வலுவோடு தட்டினால் அது தனியாகத் துருத்திக்கொண்டு கேட்கும். முதல் ஸ்வரம் எந்த அளவுக்கு இளைத்திருக்கிறதோ அதற்கு ஒட்டிய அளவில் தட்டினால் இரண்டும் ஒரே மூச்சில் வந்தவைபோல் காது எடுத்துக்கொள்ளும். இதோடு, முந்தைய கட்டையை விடுவதற்கு முன்பே அடுத்ததை அழுத்தி இரண்டு ஓசையையும் ஒரு விநாடியின் நூறில் சில பங்கு நேரம் கலக்கவிட்டால் இடையில் உள்ள தையல் தெரியாது. கீழே மற்றொரு கை சன்னமாக ஓடிக்கொண்டே இருந்தால் மேல் ஸ்வரம் தேய்வதைக் கவனிக்கக் காதுக்கு நேரம் இருக்காது. மூன்றையும் ஒரே சமயத்தில் செய்ய ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வேகக் கட்டுப்பாடு வேண்டும். அங்கேதான் மோதிர விரல் மறுபடியும் வம்புக்கு வருகிறது.

ஒரே கையின் வெளிப்புற விரல்கள், அதாவது நான்கும் ஐந்தும், பாட்டைத் தாங்க வேண்டும்; அதே கையின் பலசாலிகளான ஒன்றும் இரண்டும் அடங்கி ஒடுங்கித் துணை இசையை வாசிக்க வேண்டும். இந்த வகைப் பாடத்தில் பலவீனமான விரலுக்குத் தலைமைப் பொறுப்பு. வெறும் பயிற்சியில் நான்காவது விரலை ‘பலமாகத் தட்டு’ என்றால் பிள்ளை முழங்கையிலிருந்து குத்தும். பாட்டையே அந்த விரலிடம் கொடுத்துவிட்டால் தவறு உடனே காதுக்குத் தெரியும். பாட்டு கேட்கவில்லையே என்று கை தானாகச் சரிசெய்துகொள்ளும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் பாடம் திருத்திக்கொண்டே இருக்கும்.

இப்படிப் பாட்டை முன்னிறுத்தி வாசிப்பவர்களைக் கருவி வைத்து அளந்தால் இன்னொரு விந்தை தெரிகிறது. ஒரே நேரத்தில் அழுத்த வேண்டிய கட்டைகளில் பாட்டின் கட்டை மட்டும் ஏறத்தாழ 30 மில்லிவிநாடி முந்தி ஒலிக்கிறது. கலைஞர் வேண்டுமென்றே முந்துகிறார் என்று பலர் நினைத்திருந்தார்கள். வியன்னாவைச் சேர்ந்த வெர்னர் கோப்ள் 2001-ல் அதைப் பிரித்துக் காட்டினார். விரல்கள் கட்டைகளைத் தொடுவது ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். பாட்டின் விரல் வேகமாக அழுத்துவதால் அதன் சுத்தி கம்பியை முந்திச் சேர்கிறது. பலத்தைக் கூட்டினால் முந்துதல் இலவசமாகக் கிடைக்கிறது. காது அந்த நூலிழை முந்துதலையும் ‘இதுதான் பாட்டு’ என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. அளவு கருவிகள் இல்லாத காலத்தில், காதையும் கையையும் மட்டும் நம்பி, எலேன் இந்த இடத்துக்குப் பாடம் எழுதினார்.

அவருடைய பயிற்சி இசைகள் சிலவற்றை இன்று கேட்பவர்கள் சட்டென்று ஷோபின் என்பார்கள், மெண்டல்சன் என்பார்கள், ஷூமன் என்பார்கள். கொந்தளிக்கும் இடக்கையின் மேல் வலக்கை அறைகூவும் ஒரு பாடம் ஷோபினின் புகழ்பெற்ற ‘புரட்சி’ பயிற்சி இசையை அப்படியே நினைவூட்டும். ஷோபினின் முதல் பயிற்சி இசைத் தொகுதி அச்சானது 1833-ல். எலேன் எழுதி முடித்த 1812-ல் ஷோபினுக்கு இரண்டு வயது.

மூளைக்குள் விரியும் கட்டைகள்

விரலைப் பழக்குகிறோம் என்று சொன்னாலும் உண்மையில் பழகுவது மூளை. இதை நேரில் காட்டிய ஒரு சோதனை 1995-ல் வெளியானது. அல்வாரோ பாஸ்குவால்-லியோனும் சக ஆய்வாளர்களும் பியானோ தெரியாதவர்களை அழைத்து, ஒரு கையின் ஐந்து விரல்களுக்கான எளிய பயிற்சியை நாளுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து நாள் வாசிக்க வைத்தார்கள். தலைக்கு வெளியே காந்தத் துடிப்பு கொடுத்து, விரல் தசைகளை ஆளும் மூளைப் பகுதியை அன்றாடம் அளந்தார்கள். அந்தப் பகுதி நாளுக்கு நாள் விரிந்தது. இன்னொரு குழுவினர் விரலை அசைக்காமல், வாசிப்பதாக மனதில் மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய மூளையிலும் அதே மாதிரி மாற்றம். வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கினாலும், ஒரே ஒருமுறை இரண்டு மணி நேரம் கட்டையில் கைவைத்ததும் முதல் குழுவை எட்டிவிட்டார்கள். கரண்ட் போன மாலையிலும் கண்ணை மூடிப் பயிற்சி செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

தூக்கமும் பயிற்சியின் ஒரு பகுதி. 2002-ல் மேத்யூ வாக்கர் குழுவினர் விரலால் ஒரு வரிசையைத் தட்டக் கற்றவர்களைச் சோதித்தார்கள். பகல் முழுதும் காத்திருந்தவர்களிடம் பெரிய முன்னேற்றம் இல்லை. ஓர் இரவு தூங்கி எழுந்தவர்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு வேகம் கூடியிருந்தார்கள். ராத்திரி பதினொரு மணிவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லும் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி.

மூன்றாவது செய்தி சலிப்பைப் பற்றியது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அன்றைக்கு நன்றாக வரும். அசைவுகளை மாற்றி மாற்றிக் கலந்து செய்தால் அன்றைக்குத் தடுமாறும். ஆனால் நாள் கழித்துச் சோதித்தால் கலந்து பழகியவரே நன்றாகச் செய்வார். ஷே, மோர்கன் இருவரும் 1979-ல் காட்டிய இந்த முடிவு கையசைவுக் கல்வியில் அடிப்படையாகிவிட்டது. 1873-ல் வந்த ஹனோனின் 60 பயிற்சிகள் ஒரே அச்சை ஏற்றி இறக்கித் திருப்புபவை. எலேனின் பாடங்களில் பாட்டு போகிற போக்கில் கையின் நிலையும் வலுவும் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளை ஒரு விஷயத்தைத்தான் பழகுகிறது. ஆனால் அதே விஷயத்தைப் பல முகங்களில் சந்திக்கிறது.

திருவொற்றியூருக்கு ஒரு டிக்கெட்

பயிற்சியும் கச்சேரி இசையும் ஒன்றாகவே இருக்க முடியும் என்பதை நம்பத் தமிழர்கள் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. மீஞ்சூரில் சென்னை லோக்கலில் ஏறினால் நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர் தாண்டித் திருவொற்றியூர் வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்தவர் வீணை குப்பய்யர். தியாகராஜரின் நேரடிச் சீடர். பேகடை ராகத்தில் ‘இந்த சாலமு’, தன்யாசியில் ‘நெனருஞ்சி’ என்று அவர் செய்த வர்ணங்களைப் படிக்காமல் இன்றும் கர்நாடக இசை மாணவர் யாரும் தேறுவதில்லை. அவர் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் சகானாவில் ‘கருணிம்ப’, தர்பாரில் ‘சலமேல’ வர்ணங்களைத் தந்தவர்; தந்தையின் படைப்புகளையும் தம்முடையவற்றையும் ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ என்ற நூலாக 1900-ல் வெளியிட்டார்.

வர்ணம் என்ன செய்கிறது? ராகத்தின் பிடிகளையெல்லாம் குரலிலோ விரலிலோ ஏற்றுகிறது. இரண்டு காலத்தில் பாடிப் பழகினால் கட்டுப்பாடு வருகிறது. அதே வர்ணத்தைத்தான் பெரிய வித்வான் கச்சேரியின் தொடக்கத்தில் பாடிக் கைதட்டல் வாங்குகிறார். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று படிப்படியாக ஏறும் நம் பாட முறைக்கும், அடிப்படையிலிருந்து மிகக் கடினமானதுவரை படிப்படியாக ஏறும் எலேனின் பாடநூலுக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றைப் பார்த்து ஒன்று செய்ததால் வந்ததல்ல. ஆனால் காரணம் ஒன்று. இரண்டுமே கையும் காதும் எப்படிக் கற்கின்றன என்பதைக் கூர்ந்து பார்த்தவர்கள் செய்தவை.

குப்பய்யரின் வீணைக்கும் எலேனின் பியானோவுக்கும் சிக்கலும் ஒன்றுதான். மீட்டிய கம்பியின் ஓசையும் பிறந்த கணத்திலிருந்து தேய்கிறது. வீணையில் இடது கை கம்பியை இழுத்து, தேயும் ஓசைக்குள்ளேயே கமகத்தை ஓட்டி, ஒரு மீட்டில் நான்கு ஸ்வரம் பேசவைக்கலாம். பியானோவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே அங்கே அடுத்த ஸ்வரத்தின் அளவை நிறுத்துப் போட்டுத் தீர்வு கண்டார்கள். தேயும் ஓசையைப் பாட வைக்க மனிதர்கள் கண்ட இரு வழிகள் இவை.

பெயர் எங்கே போனது?

திருவொற்றியூர்க்காரர்களின் பெயர் வர்ணத்தோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது. வர்ணத்தைக் கற்பிக்கும்போதே ‘இது குப்பய்யர் வர்ணம்’ என்று சொல்லிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. எலேனுக்கு அது வாய்க்கவில்லை. மேடையில் வாசிக்காதவருக்குப் பத்திரிகை விமர்சனம் இல்லை. பெரிய நூல், அதிக விலை. பிறகு வந்த செர்னியின் மெலிந்த புத்தகங்கள் வகுப்பறைகளைப் பிடித்துக்கொண்டன. பாடம் எழுதுவது இசையமைப்பதைவிடத் தாழ்ந்த வேலை என்ற எண்ணம் மீதியைப் பார்த்துக்கொண்டது. பாரிஸ் கன்சர்வேட்டரியின் பெயர்பெற்ற ஆசிரியர் மார்மொன்டெல் 1878-ல் தம் நூலில் அவருக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அதற்குப் பிறகு நெடுங்காலம் பேச்சில்லை.

மீட்பு நம் காலத்தில்தான் நடந்தது. பிரெஞ்சு ஆய்வாளர் ஜெரோம் தோரிவால் 2006-ல் அவர் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பியானோக் கலைஞர் எட்னா ஸ்டெர்ன் 2017-ல் ஒரு பழைய ப்ளெயெல் பியானோவில் அவர் இசையை வாசித்துப் பதிவு செய்தார். இன்னொரு பியானோக் கலைஞர் கிளேர் ஹாமண்ட் 2022-ல் 29 பயிற்சி இசைகளை ஒரே தொகுப்பாகத் தந்தார். இருநூறு ஆண்டுகள் கழித்து, பாடங்கள் கச்சேரி மேடைக்கு வந்தன.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களிடம் பியானோ இல்லையே, கீபோர்டுதானே என்று தயங்க வேண்டாம். எலேன் இளமையில் பழகிய காலத்துப் பியானோக்கள் இன்றைய 88 கட்டைப் பியானோவாக இருக்கவில்லை. இரும்புச் சட்டம் இல்லாத மரப்பெட்டி, தோல் சுற்றிய இலேசான சுத்தி, பெரும்பாலும் ஐந்து ஸ்தாயி. எண்ணிப் பார்த்தால் 61 கட்டைகள். மீஞ்சூர்ப் பிள்ளை தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகும் கீபோர்டிலும் அதே 61 தான். பிற்பாடு எழுதிய சில பாடங்கள் இந்த எல்லையைத் தாண்டலாம்; தாண்டாதவையே தொடங்குவதற்குப் போதும்.

கீபோர்டு கற்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிப்புரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டதால் எலேனின் நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கிரேடு தேர்வுப் பாடங்களுக்கு நடுவில் அவருடைய எளிய பயிற்சி இசை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டச் ரெஸ்பான்ஸை ஆன் செய்துவிட்டு, பாட்டை நான்காவது, ஐந்தாவது விரல்களிடம் கொடுத்து, மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். நோட்டில் பாடத்தின் எண்ணோடு நிறுத்தாமல், எழுதியவர் எலேன் தெ மோன்ஜெரூ என்று பெயரையும் சேர்த்து எழுத வையுங்கள். குப்பய்யருக்கு நாம் கொடுக்கிற மரியாதை அதுதான். எலேனுக்கும் அது சேர வேண்டியது.